கொடியடியார்

எங்கள் ஒழுங்கைக்கு மாநகர சபை வைத்த பெயர் ஒன்று பலகையில் இருந்தது. அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. கடற்கரைப் பள்ளிவாசலின் கொடிமரத்துக்கு எதிரே தொடங்கி மேற்கே பெரிய வீதி வரை போகும் அந்த ஒழுங்கையை ஊர் 'கொடியடி' என்றது. அங்கே குடியிருந்த எங்களைக் 'கொடியடியார்' என்றது. கல்முனையில் ஒரு பெண்ணிடம் எந்தக் குறிச்சி என்று கேட்டு அவள் பதில் சொல்லிவிட்டால், அவளுடைய உம்மா மீன் ஆணத்துக்கு எவ்வளவு தூள் போடுவாள், சண்டை வந்தால் எவ்வளவு சத்தம் போடுவாள் என்பது வரை கேட்டவர் முடிவு செய்துவிடுவார். கொடியடி என்றால் வாய்க்காரர், மீன் வாசம் பிடித்தவர், ஆனால் சோறு போடுகிறவர்.

அந்தக் கடைசிச் சொல்லுக்குக் காரணம் கொடியேற்றம். சந்திர மாதக் கணக்கில் வருடத்துக்கு ஒரு தடவை பள்ளியில் கொடி ஏறும். பன்னிரண்டு நாள் ஓதல் நடக்கும். கடைசியில் ஊருக்கே சோறு போடும் கந்தூரி. ஏறுகிற நாளில் நேர்ச்சைக்கு எண்ணெய்ப் போத்தலோடும், வெள்ளைச் சேவலோடும், தேங்காயோடும் வெளியூர்ச் சனம் வந்து இறங்கும். தமிழ் ஊர்களிலிருந்தும் வருவார்கள். அன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. கோழியும் மீனும்தான். யார் வாசலில் வந்து நின்றாலும் உள்ளே கூப்பிட்டு இருத்த வேண்டும். "கொடிக்கு வந்த ஆக்களுக்கிட்ட ஊரும் பேரும் கேக்கிறல்ல. தண்ணி வேணுமா எண்டு மட்டும் கேளு" என்று உம்மா சொல்லுவார். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. மீறிய ஒருவரையும் நான் சின்ன வயதில் கண்டதில்லை.

கடல் வந்த காலையில் என் கணவர் மகளையும் தன் உம்மாவையும் கூட்டிக்கொண்டு நற்பிட்டிமுனையில் ஒரு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் உம்மாவும் நானும். உம்மா அடுப்படியில் நின்றார். நான் வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒழுங்கையின் கிழக்கு முனையில் சனம் கத்துகிற சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது கறுப்பாகத் தண்ணீர் மதிலுக்கு மேலே நின்றது. உம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தது வரை நினைவிருக்கிறது.

எனக்கு நினைவு திரும்பியபோது எங்கேயோ ஒரு வளவில், பாதி உடைந்த கிணற்றுக்கட்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்தேன். இடுப்பளவு சேற்றுத் தண்ணீர். முள்ளுக்கம்பி, பலகை, கதிரை, ஒரு செத்த ஆடு. என் உடம்பில் ஒரு துண்டுத் துணி இல்லை. அலை எல்லாவற்றையும் உரித்துக்கொண்டு போயிருந்தது.

ஆண்கள் ஆட்களைத் தேடி வந்தார்கள். ஒரு குரல் எங்கள் ஒழுங்கைத் தேநீர்க்கடைக்காரருடையது. வருடக்கணக்காகக் காலையில் கேட்ட குரல். என் பெயரையும் உம்மாவின் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். நான் பதில் கொடுக்கவில்லை. கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் கழுத்து வரை சேற்றுக்குள் இறங்கி, அவர்கள் போய்விட வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டேன். மறுபடியும் கடல் வருகிறது என்று யாரோ கத்தினார்கள். வந்தால் வரட்டும் என்றுதான் நினைத்தேன். எங்கள் பகுதியில் அன்று அப்படியே ஒளிந்திருந்து உயிரை விட்ட பெண்கள் இருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர்களுடைய வீட்டு ஆண்களுக்கு அது விளங்கவே இல்லை. எனக்கு விளங்கும்.

ஆண்களின் குரல் தூரப் போன பிறகு, வேலி இருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"ஆரது கிணத்தடியில? பொம்புளயா?"

நான் அழத் தொடங்கினேன்.

"நானும் பொம்புளதான் புள்ள. எழும்பி வா."

"ஏலாது. உடுப்பில்ல."

அவள் வேறு யாரையோ பார்த்து, "டேய், அங்கால திரும்பி நில்லு. இஞ்சால பார்த்தா காலை முறிப்பன்" என்றாள். தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு பாதி கரைந்து வழிந்திருந்தது. தன்னுடைய சேலையை அவிழ்த்து, நடுவில் பல்லால் கடித்துக் கிழித்தாள். நனைந்த துணி இலேசில் கிழியவில்லை. பாதியை என் மேல் சுற்றினாள். மற்றப் பாதியைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டாள்.

அவளுடைய மகனுக்கு அப்போது பதினான்கு வயது. ஊருக்கு உள்ளே இருந்த பள்ளிக்கூடம் வரை அவன்தான் முன்னால் நடந்தான். வழியில் ஒரு தடவையும் திரும்பவில்லை. காலில் ஏதும் குத்தக்கூடும் என்றால் முன்னால் பார்த்தபடியே, "அம்மா, கண்ணாடி கிடக்கு" என்றான். "கம்பி கிடக்கு" என்றான். பள்ளிக்கூட வாசலில் அந்தப் பெண் என்னிடம், "நீ எந்தப் பக்கம் புள்ள?" என்று கேட்டாள்.

"கொடியடி."

"ஐயோ, நான் வருசா வருசம் வாற இடமெல்லோ!" என்றாள். பல வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து எங்கள் பள்ளியில் நூல் கட்டி நேர்ந்த பிறகு பிறந்தவன் அவன். அதிலிருந்து ஒவ்வொரு கொடிக்கும் எண்ணெய் கொண்டு வருகிறாள். அவளுடைய கணவர் அன்று ஆழக்கடலில் இருந்தார், உயிரோடு கரை சேர்ந்தார். எங்கள் ஊருக்குப் பக்கத்து மீன்பிடி ஊர். நான் அவளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன்.

உம்மாவின் மையித்து மூன்றாம் நாள் கிடைத்தது. அதைப் பற்றி இங்கே எழுத என்னால் முடியாது.

அகதி முகாமில் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை யாரோ வந்து மார்க்கப் பயான் செய்தார். கொடிமரத்தடியில் நாங்கள் செய்த அனாச்சாரங்களுக்குத்தான் கடல் வந்தது என்றார். பெண்கள் ஒழுங்காக மறைக்காததையும் சேர்த்துச் சொன்னார். கூட்டத்தில் கொடியடிப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தோம். அவருக்கு என்னைத் தெரியாது. ஆனால் நான் எப்படிக் கரை ஏறினேன் என்பதை அவர் அறிந்தே சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பள்ளி இடியாமல் நின்றதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று எங்கள் ஆண்கள் பிறகு தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள். அவருடைய முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை.

கடலோரத்தில் இனி வீடு கட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. என் சீதன வீடு நின்ற நிலம் எனக்கே இல்லாமல் போனது. கூடாரம், பிறகு பலகை வீடு, அதற்குப் பிறகு ஊருக்கு உள்ளே அடுக்குமாடி. கொடியடி ஆட்கள் பெரும்பாலும் ஒரே கட்டடத்தில் வந்து சேர்ந்தோம். ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக இருந்தாலும் நாங்கள் கொடியடியார்தான். பக்கத்துக் கட்டடத்துப் பெண்கள் தண்ணீர்த் தொட்டியடியில், "கொடியடியாள்கள் வாறாளுகள்" என்று சொல்வது காதில் விழும். கொடி நாளில் சோறு கொடுப்பதையும் விடவில்லை. பழைய வீடுகளைத் தெரிந்த ஆட்கள் ஆட்டோ பிடித்து மாடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அக்காவும் வந்தாள். முதல் வருடம் அந்தப் பாதிச் சேலையைத் தோய்த்து மடித்துக் கொடுத்தேன். "அரைச் சேலய வெச்சி நான் என்ன செய்யிற புள்ள?" என்று சிரித்தாள். மகனும் வந்திருந்தான். என்னைக் கண்டதும் பால்கனிக்குப் போய்விட்டான். எனக்கும் அவன் முகத்தைப் பார்ப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் அந்த நாள் தெரியும்.

மூன்றாம் வருடம் அவள் தனியே வந்தாள். மகன் எங்கே என்று கேட்டேன்.

"ரியூசன் வகுப்பு விட்டு வரயில்ல. கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"ஆரு?"

"ஆரெண்டு கேக்காத புள்ள."

பிறகு வன்னியில் இருக்கிறான் என்று ஒரு செய்தி கிடைத்ததாகச் சொன்னாள். அதற்குப் பிறகு செய்தி இல்லை. அவள் கொண்டு வருகிற எண்ணெய்ப் போத்தல் ஒன்றிலிருந்து இரண்டாகியது.

இங்கே என் மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குப் பெண் பிள்ளைகள் இல்லை. இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவர் தொண்ணூறாம் ஆண்டுக் கலவரக் காலத்தில் ஆற்றுக்கு அப்பால் உள்ள வயலுக்கு உழவு மெசினோடு போனார். மெசினும் வரவில்லை, அவரும் வரவில்லை. தமிழ் இயக்கம் பிடித்துக்கொண்டு போனதைக் கண்டவர்கள் இருந்தார்கள். மாமி கடல் வந்த பிறகு தன் வீடும் போய் எங்களோடு இருந்தார். மூத்த மகன் எங்கேயோ ஒரு மறியலில் அடைபட்டு உயிரோடு இருக்கிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மகனைப் பிடித்தவர்களைப் பற்றி அவர் பேசும்போது அக்காவின் மகனும் இப்போது அவர்களோடுதான் என்பதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அக்கா வந்திருக்கும்போது அதைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்கமாட்டோம். இப்படியே இரண்டு பேரும் ஒரே பாயில் இருந்து வெற்றிலை போட்டிருக்கிறார்கள்.

யுத்தம் முடிந்தது என்று தொலைக்காட்சியில் சொன்ன நாள் எங்கள் கட்டடத்துக்குக் கீழே பெரிய தாச்சி வைத்துப் பாற்சோறு காய்ச்சினார்கள். நானும் அகப்பை பிடித்தேன். மாடிக் கமிட்டி ஆட்கள் வந்து ஒவ்வொரு பால்கனியிலும் சிங்கக் கொடி கட்டினார்கள். கட்டச் சொல்லி வந்திருக்கிறது என்றார்கள். யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. என் கணவர் ஒரு பை நிறைய வெடி வாங்கி வந்தார். அவர் அப்படிச் செய்கிற மனிதர் அல்ல. "இனிப் பாதை திறப்பானுகள், மறியல் எல்லாம் திறப்பானுகள். காக்கா உயிரோட இரிந்தா வந்து சேருவாரு" என்று தன் அண்ணனை நினைத்துச் சொன்னார். மாமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்று ஒவ்வொரு வெடிக்கும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். தொலைக்காட்சியில் மணலில் வரிசையாக ஆட்கள் நடந்து வந்தார்கள். பெண்கள், குழந்தைகள், சேலைத் தலைப்பால் முகம் துடைக்கிறவர்கள். நான் அந்த வரிசையில் ஒரு பொடியனைத் தேடினேன். வெளியில் வெடிச் சத்தம். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அகப்பையோடு மறுபடியும் கீழே போனேன்.

அந்த வருடம் கொடி ஏறும் நாள் அடுத்த கிழமையே வந்தது. பால்கனிகளில் கட்டியதை இன்னும் அவிழ்க்கவில்லை. அக்கா வரமாட்டாள் என்று நினைத்தேன். வராமல் இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். இருந்தாலும் கோழி ஒன்றை அதிகமாக வாங்கச் சொன்னேன்.

மதியத்துக்கு முன் கீழே ஆண் குரல் கேட்டது. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். படிக்கட்டு வாசலில் அக்கா நின்றாள். சேலைத் தலைப்பை எங்களைப் போல முக்காடாகப் போட்டிருந்தாள். கையில் சாமான் பை. கமிட்டித் தலைவர் கதிரை போட்டு இருந்தார். சுற்றி நாலைந்து பேர்.

"எங்க போறீங்க?"

"மேல. மூணாம் மாடிக்கு."

"எந்த ஊர்?"

அவள் ஊரைச் சொன்னாள்.

"அடையாள அட்டை இரிக்கா? வீட்டில ஆரும் இயக்கத்தில இரிந்ததா?"

அந்த மனிதர் வேறு ஊர்க்காரர் அல்ல. எங்கள் ஒழுங்கையில் நாலாவது வீடு. அவருடைய உம்மா கொடி நாளில் இரண்டு தாச்சி சோறு போட்டவர். கொடியடியில் பிறந்த ஒருவர் கொடிக்கு வந்த ஆளிடம் ஊர் கேட்டதை அன்றைக்குத்தான் கண்டேன். மற்றக் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நம்மட ஆள் காக்கா, விடுங்க!" என்று மேலே இருந்து கத்தினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்கட ஆள் எண்டா முதலே சொல்லி வெக்கணும் தங்கச்சி. காலம் அப்பிடி. ஒரு பிரச்சின வந்தா முழு மாடிக்கும்தான்."

நான் படிகளில் ஓடி இறங்கினேன். அவர் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து முடிக்கும் வரை அக்கா கையை நீட்டியபடியே நின்றாள். பிறகு வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். நான் அவளுடைய பையை வாங்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அப்போதுதான் கண்டேன், நெற்றியில் பொட்டில்லை. துடைத்த அடையாளம் மட்டும் மங்கலாக இருந்தது.

வீட்டுக்குள் மாமியும் அதைத்தான் முதலில் கண்டார். அவர் நல்ல மனதோடுதான் கேட்டார்.

"அல்லாவே, என்ன மகள் இது! உங்கட புருசன் எப்ப மவுத்தானவரு? எங்களுக்கு ஒரு செய்தி அனுப்பல்லயே."

"இல்லம்மா," என்றாள் அக்கா. "அவரு கடலுக்குப் போயிருக்காரு."

"பின்ன ஏன் நெத்தி…"

"வழியில அழிச்சிட்டன் உம்மா. பஸ்ஸில ஒரு மாதிரிப் பார்த்தாங்க. இஞ்ச வந்து இறங்கவும் ஒரு இதாக் கிடந்திச்சு." சொல்லிவிட்டு அவசரமாக, "வீட்ட போய் வெச்சிக்கிடலாம் தானே" என்றாள்.

புருசன் உயிரோடு இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் தன் கையாலேயே பொட்டை அழிப்பது என்ன என்பது எங்களுக்குத் தெரியாதது அல்ல. அதை அழித்துவிட்டுத்தான் எங்கள் ஊருக்குள் வர வேண்டியிருந்தது என்பதை அவள் புகாராகச் சொல்லவில்லை. மழைக்குக் குடை எடுத்து வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். எனக்கு அந்தக் கிணற்றடி ஞாபகம் வந்தது. இன்றைக்கு மறைக்கத் துணி இல்லாமல் நிற்பது நாங்கள்தான் என்று தோன்றியது. "சாப்பிடுவம் அக்கா" என்றுதான் சொன்னேன்.

பாய் விரித்துச் சோறு போட்டேன். அவள் பால்கனிப் பக்கம் முதுகு கொடுத்து இருந்தாள். அங்கே கட்டியிருந்ததைப் பார்க்காமல் இருப்பதற்காகவா, அல்லது தற்செயலாகவா என்று எனக்குத் தெரியாது. மகனைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "முகாம் முகாமாப் பேர் பார்க்கலாமாம். ஆரையும் தெரியாது புள்ள. அவர் ஒருக்கா வவுனியாப் பக்கம் போய் வந்தாரு. பேர் இல்லயாம்."

அப்போது கீழே பொடியன்மார் வெடி கொளுத்தினார்கள். போன கிழமை மிஞ்சியதாக இருக்க வேண்டும். நீளமான சரம். கட்டடச் சுவர்களுக்குள் அது பல மடங்காகக் கேட்டது. பால்கனியோரம் விளையாடிய மகள் கைதட்டிக்கொண்டு கீழே பார்க்க ஓடினாள். அக்காவின் கை சோற்றில் அப்படியே நின்றது. என் கணவர் சுவரைப் பார்த்தார்.

"கொடிக்குப் போடுறாங்க போல" என்றாள் அக்கா.

கொடிக்கு வெடி போடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அத்தனை வருடம் வந்தவளுக்கு அது நன்றாகத் தெரியும். கொடி ஏறுகிற நேரமும் ஆகவில்லை. "ஓம் அக்கா, கொடிக்குத்தான்" என்றேன். அவள் மிச்சச் சோற்றைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டதற்கு, போடு என்றாள். பசியால் அல்ல, நான் அழுதுவிடுவேன் என்றுதான் அவள் அதைச் சொன்னாள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிக்கு ஒன்றாகப் போவதுதான் எங்கள் வழக்கம். அன்றைக்கு அவள் எண்ணெய்ப் போத்தல்களை என்னிடம் தந்தாள். "நீ ஊத்திவிடு புள்ள. எனக்கு இருட்ட முதல் வெள்ளணப் போகணும்." நான் தடுக்கவில்லை. பஸ் ஏற்றிவிடக் கூடவே போனேன். கீழே அந்தக் கதிரை காலியாக இருந்தது. தலைவர் பகல் லுஹர் தொழப் போயிருந்தார். அன்று மாலை பள்ளி விளக்கில் எண்ணெய் ஊற்றும்போது, எந்தப் பிள்ளைக்காகக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன். பின்னால் நின்ற பெண் தள்ளினாள். ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வருடக் கொடிக்கு அக்கா வரவில்லை. அதற்கு அடுத்த வருடமும் வரவில்லை. எங்கள் மறியல்காரரும் வரவில்லை. பாதைகள் திறந்தன, முகாம்கள் திறந்தன, மூத்தவரைப் பற்றி ஒரு சொல்லும் எங்கிருந்தும் கிடைக்கவில்லை. மாமி கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். ஒரு நாள் திடீரென்று, "அந்தக் கடல்காரப் புள்ள வரயில்லயே. ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வருவமே" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் அந்த ஊரின் தென்னை மரங்கள் தெரியும். இத்தனை வருடத்தில் நான் அவளுடைய வீட்டுக்கு ஒரு தடவையும் போனதில்லை. வீடு எது என்றும் தெரியாது. அவள் வருவாள், நாங்கள் சோறு போடுவோம், அதோடு முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

என் கணவர் ஆட்டோ பிடித்தார். அந்த ஊர்ச் சந்தியில் விசாரித்தபோது ஒரு கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "எங்க இருந்து வாறீங்க? என்ன விசயமாத் தேடுறீங்க?" என்று கேட்டார். கேட்க அவருக்கு உரிமை இருந்தது. வழியையும் சொன்னார்.

அக்கா முற்றத்தில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் இரண்டு கையையும் சேலையில் துடைத்தாள். திண்டாடிப்போனாள். கதிரை இல்லை என்று பக்கத்து வீட்டுக்கு ஓடப் பார்த்தாள். நாங்கள் பாயில் இருந்தோம். உள்ளே யாரோ அசைகிற சத்தம். "அவன் வந்திட்டான் புள்ள" என்றாள், இரகசியம் சொல்வது போல. "மூணு மாசமாகுது. புனர்வாழ்வு முகாம் முடிச்சு விட்டிருக்காங்க. சொல்லி அனுப்புவம் எண்டு நினைச்சன். பிறகு, உங்கட வீட்ட என்ன நினைப்பாங்களோ எண்டு…" அவள் என் கணவரைப் பார்க்காமலே இதைச் சொன்னாள். அவருடைய காக்காவின் கதை அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

மாமி அவனைக் கூப்பிடச் சொன்னார். என் கணவர், "வேணாம் உம்மா" என்றார். மாமி கேட்கவில்லை. அவன் வந்து கதவு நிலையில் நின்றான். உயரமாக வளர்ந்திருந்தான். ஒரு காலைச் சாய்த்து வைத்து நின்றான்.

"இரி மனே" என்றார் மாமி. அவன் இருந்தான். "எங்கட மூத்த பிள்ளைய உங்கட ஆக்கள்தான் கொண்டு போனவங்க. தொண்ணூறில. உழவு மெசினோட. எங்க வெச்சிருப்பாங்க எண்டு உனக்குத் தெரியுமா?"

அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். நான் மாமியின் கையைப் பிடித்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். அவர் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. தெரிந்த ஒருவரிடம் வழி கேட்பது போலத்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நான் பொறந்த வருசம் உம்மா அது" என்றான் அவன்.

"ஓ. அப்ப உனக்கெங்க தெரியப்போகுது." மாமி அவனுடைய காலைப் பார்த்தார். பிறகு, "உன்ன எங்க வெச்சிருந்தாங்க?" என்றார்.

அவன் ஒரு ஊரைச் சொன்னான்.

"சாப்பாடு தந்தாங்களா?"

"ஓம்."

"படுக்கப் பாய் இரிந்ததா?"

"ஓம். பிறகு தந்தாங்க."

"அடிச்சாங்களா?"

அவன் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் கணவர் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார்.

"உம்மாட நினைப்பு வந்ததா உனக்கு?" என்றார் மாமி.

"வந்திச்சு உம்மா. எந்த நாளும் வந்திச்சு."

மாமி அழத் தொடங்கினார். நான் கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் மகனுக்காக அழுததை நான் கண்டதில்லை. அக்கா அவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பொடியன் எழும்பவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்தான். பிறகு உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்து மாமியின் முன்னால் வைத்தான்.

வீட்டுக்கு வந்த அன்றிரவு மாமி, மூத்தவருக்குக் கத்தம் ஓதச் சொன்னார். மவுத்தானவர்களுக்குத்தான் ஓதுவது. இருபது வருடம் அந்தச் சொல்லை யாரும் அவர் முன்னால் சொன்னதில்லை. "அந்தக் கடல்காரப் புள்ளைக்கும் சொல்லுங்க" என்றார். நான் என் கணவரைப் பார்த்தேன். "சனம் கதைக்கும்" என்றார் அவர். "எங்கட காக்காட கத்தத்துக்கு அவங்களக் கூப்பிட்டா மாடி முழுக்கக் கதைப்பானுகள்." நான் சொல்லி அனுப்பவில்லை. மாமியிடம், சொல்லி அனுப்பினோம், அவர்களுக்கு வசதிப்படவில்லை என்றேன். கமிட்டித் தலைவர் முன்வரிசையில் இருந்து ஓதினார். மாமி அடுத்த நோன்புக்கு முன் மவுத்தானார்.

அடுத்த கொடிக்கு அக்கா வந்தாள். கீழே யாரும் கதிரை போட்டு இருக்கவில்லை. மாமி இல்லாததைக் கண்டு அழுதாள். கத்தம் ஓதியதைப் பக்கத்து வீட்டுப் பெண் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"எனக்குச் சொல்லல்லியே புள்ள," என்றாள் அக்கா. "சொல்லியிருந்தா மீன் கொண்டு வந்திருப்பன். நல்ல பாரை பட்ட நேரம் அது."

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. சோற்றுச் சட்டியை இழுத்து, அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் போட்டேன்.